இணைப்பில்லாத சிலிண்டர்

“தூக்கிப் பாருங்க,” என்றார் மாப்பிள்ளை.

வம்பு இரண்டு கைகளாலும் சிலிண்டரின் கழுத்தைப் பற்றி, மூச்சை அடக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கினான். சுளிப்பு வீணாயிற்று. எதிர்ப்பேதும் காட்டாமல் சிலிண்டர் முழங்கால்வரை எழுந்து வந்தது.

“நான் இவ்வளவு பலசாலின்னு எங்க வீட்ல ஒருத்தரும் சொன்னதில்லையே, மேடம்.”

“நீ பலசாலி இல்ல, வம்பு. உள்ள ஒண்ணும் இல்ல,” என்றாள் தூண்டில். “சிலிண்டரைச் சொன்னேன்.”

இருவருக்கும் இயற்பெயர்கள் உண்டு. அவை வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் பதிலையும் சும்மா விடாமல் இன்னொரு கேள்வியை வீசி இழுத்துவிடுவாள் என்பதால், தனியார் துப்பறிவாளரான அவளுக்குத் தூண்டில் என்ற பெயர் நிலைத்தது. அவளைவிடப் பத்து வயது மூத்தவனும் அவளுடைய ஒரே உதவியாளனுமாகிய வம்புவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. வாயைத் திறக்காமல் செய்யவேண்டிய வேலைகளுக்கு அவனைத் தவிர வேறு யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம்.

அவர்கள் நின்றது, புகை போட்ட கோழி விற்கும் ஒரு கடையின் நடு அறை. முன்பக்கம் கடை, பின்பக்கம் முற்றமும் அதன் மூலையில் ஒரு ஷெட்டும். நடு அறையில் ஆள் உயரத்துக்கு எஃகுப் பெட்டி ஒன்று நின்றது. கோழிகளைக் கொக்கிகளில் தொங்கவிட்டு, அடித்தட்டில் மரச்சில்லுகளைக் கனிய வைத்து, அந்தச் சூட்டிலும் புகையிலும் மணிக்கணக்கில் வேகவிடும் புகைப்பெட்டி. கடை தொடங்கிய நாள்முதல் கேஸில் எரிந்த அந்தப் பெட்டியை மூன்று வாரங்களுக்கு முன்புதான் மாப்பிள்ளை மின்சாரத்துக்கு மாற்றியிருந்தார். பர்னர் இருந்த இடத்தில் இப்போது ஹீட்டர் காயில். கதவின் பக்கவாட்டில் ஒரு தெர்மோஸ்டாட். அதற்கு மேலே, சூட்டை எண்களில் காட்டும் சிறிய திரை. வயர்கள் எண்ணெய் தடவி வகிடெடுத்து வாரிய தலைமுடியைப் போல ஒழுங்காகச் சென்றன. தொழிலால் அவர் எலெக்ட்ரீஷியன். உறவால் கடைக்காரரின் மருமகன். தெருவே அவரை மாப்பிள்ளை என்றுதான் அழைத்தது.

“கேஸ் குழாயைக் கழட்டி வாயை அடைச்சாச்சு,” என்றார் அவர். “கரண்ட் போனா உதவும்னு மாமா சொன்னதால சிலிண்டரை மட்டும் இங்கயே விட்டு வெச்சேன். அப்ப முழுசா இருந்தது. இன்னிக்குக் காலையில பெருக்கறதுக்காக நகர்த்தினேன். இப்படிக் கையோட வருது.”

“கசிவா இருக்குமோ?”

“சோப்புத் தண்ணி ஊத்திப் பார்த்துட்டேன், ஒரு குமிழி கூட வரல. ஆனா கேஸ் காத்தைவிடக் கனம். கீழ எங்கயாவது போய்த் தேங்கி நிக்குதான்னு தெரியணும். அது தெரியாம இந்த ரூம்ல நான் சுவிட்ச் போட மாட்டேன். ஒரு பொறி பறந்தா போதும்.”

“இன்னிக்குப் போடலைன்னா என்ன ஆகும்?”

“சாயங்காலம் ஓட்டல்களுக்குக் கொள்முதல் பண்ற அம்மா வர்றாங்க. ரெண்டு வாரமா நம்ம கோழியைக் கொஞ்சமா வாங்கிப் பார்த்தாங்க, இப்ப பெரிய ஆர்டர் தரலாம்னு இருக்காங்க. பெட்டியை அவங்க கண் முன்னாடி திறந்து, அதுலேருந்து எடுத்து வெட்டணும்னு சொல்லிட்டாங்க. ‘ஒரே ஒரு குறை இருக்கு, நேர்ல வந்து சொல்றேன்’னு வேற போன்ல சொன்னாங்க. அது என்னன்னு சொல்லல. பதினொரு மணிக்குள்ள கோழி உள்ள போயாகணும்.”

“அந்த ஆர்டர் கை நழுவிட்டா?”

மாப்பிள்ளை கடைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கடல் தாண்டி ஒரு கம்பெனியில எனக்கு வேலை தயாரா இருக்குங்க. இந்தப் பெட்டி சரியா வரலைன்னா ரெண்டு பேரும் அங்க போயிடலாம்னு வீட்ல சொல்லியிருக்கேன். அவளும் சரின்னுதான் சொன்னா. ஆனா சொன்ன அன்னிக்கு அவ சாப்பிடல.”

தூண்டில் தரையில் குந்தினாள். சிலிண்டர் நின்ற இடத்தில் சிமெண்டின் மேல் துரு ஒரு வளையம் பதித்திருந்தது. உற்றுப் பார்த்தால் அது ஒரு வளையமன்று. ஒன்றைவிட்டு ஒன்று மயிரிழை விலகிய வளையங்கள் பல, அடுக்கிய வளையல்களைப் போலக் கிடந்தன.

“இன்னிக்குத் தவிர இதை நீங்க எப்பவாவது நகர்த்தினீங்களா?”

“இல்லையே.”

“கசியுற சிலிண்டர் எழுந்து நடக்காது, வம்பு. இது தினமும் எங்கயோ போய்ட்டு வந்து நின்னிருக்கு.”

“போன இடத்துலேருந்து ஒழுங்கா வீடு திரும்பற குணம் என் மச்சானுக்கே கிடையாது, மேடம். இது நல்ல குடும்பத்துச் சிலிண்டர்.”

“அப்ப சுவிட்ச் போடலாமா?” என்றார் மாப்பிள்ளை ஆவலோடு.

“ஒரு கை இருக்குங்கறது மட்டும்தான் தெரியுது. அந்தக் கை கேஸை எங்க கொண்டுபோய்த் திறந்துவிட்டதுன்னு தெரியல. அதுவரைக்கும் தொடாதீங்க.”

அப்போது முற்றத்துக் கதவு சுவரில் மோதித் திறந்தது. உள்ளே வந்தவருக்குக் கதவை மெல்லத் திறக்கும் பழக்கமில்லை என்பது சுவரில் இருந்த பள்ளத்திலிருந்து தெரிந்தது. கடைக்காரர், மாப்பிள்ளையின் மாமனார்.

“யாரு இவங்க? பெட்டிக்கு வைத்தியம் பார்க்க வந்தவங்களா?” என்றார். “பாருங்க, நல்லா பாருங்க. கரண்ட்ல புகை போடறாராம் எங்க மாப்பிள்ளை! அடுத்தது ரேடியோவுல சோறு வடிப்பாரு.”

“மாமா, சாயங்காலம் அவங்க வர்ற நேரத்துலயாவது கொஞ்சம்...”

“வரச் சொன்னதே தப்பு. போன் பண்ணி வேற நாள் வரச் சொல்லுங்க.”

“ஏன் மாமா?”

“ஏனா? பெட்டிக்கு ஒரு நாள் லீவு வேண்டாமா?”

அது ஒரு காரணம்போல அவருக்கே தோன்றவில்லை என்பது தெளிவு. தூண்டில் பணிவாகக் குறுக்கிட்டாள்.

“உங்களுக்கு இப்ப வேலை குறைஞ்சிருக்குமே, ஐயா?”

“எனக்கு என்னம்மா வேலை? விடியற்காலையில நான் வந்து பெட்டியைத் திறந்து கோழியை இறக்கி முன்னாடி வைக்கறேன். மாப்பிள்ளை எட்டு மணிக்கு வந்து, மத்தியானம் வயரிங் வேலைக்கு வெளிய போயிடுவாரு, ராத்திரி வந்து கோழியை மாட்டுவாரு. மத்தியானம் சாப்பிட்டதும் ஷெட்டுல போய்த் தாழ்ப்பாளைப் போட்டுட்டுத் தூங்கறேன். அடுப்பு போச்சு, தூக்கம் வந்துச்சு.”

அரைக்கைச் சட்டைக்குக் கீழே அவருடைய இடது முன்கையில் கம்பளிக்கு நிகரான ரோமம் அடர்ந்திருந்தது. வலது முன்கை வழவழவென்று இருந்தது. அவர் கடைப்பக்கம் நகர்ந்ததும் வம்பு தூண்டிலின் காதருகே குனிந்தான்.

“ஒரு கையை மட்டும் ஷேவ் பண்ற வழக்கம் எங்கயாவது உண்டா, மேடம்?”

“நல்ல கேள்வி,” என்றாள் தூண்டில். அவள் அவனைப் பாராட்டியது அந்த ஆண்டில் இரண்டாம் முறை. எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை.

*

கடையில் மாமனாரின் மகள் கோழி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி இறங்கும் ஒவ்வொரு முறையும் பலகை ஒரே சுருதியில் ஒலித்தது. வாடிக்கையாளர் ஒருவர் பொட்டலத்தை வாங்கும்போதே முகர்ந்தார்.

“கரண்டுக்கு மாத்தின பிறகு ருசி கூடித்தான் போச்சும்மா. உங்க வீட்டுக்காரருக்குக் கை ராசி.”

மகளின் முகம் மலர்ந்தது. நடு அறையில் அதைக் கேட்டுவிட்ட மாப்பிள்ளையின் முதுகும் சற்று நிமிர்ந்தது. கல்லாவுக்கருகே நின்ற மாமனார் மட்டும், “ம்க்கும்” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போனார்.

சுவரில் ஒரு படம் தொங்கியது. கடை திறந்த நாளில் எடுத்தது: இளமையான மாமனார், பாதியாக வெட்டிய ஒரு கோழியை வெற்றிக் கோப்பையைப்போல ஏந்தி நின்றார். தோலுக்கு உட்புறம் இறைச்சியைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஓர் ஓரம் ஓடியது. தூண்டில் படத்தைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். பலகையில் கிடந்த கோழிக்கும் அதே ஓரம் இருந்தது.

“கேஸ்ல போட்ட காலத்துக்கும் இப்பவுக்கும் வெட்டும்போது என்ன வித்தியாசம் தெரியுது?”

“ஒண்ணுமே இல்லைங்க. அதே தோலு, அதே சிவப்பு ஓரம். அந்த ஓரம்தான் தன்னோட முத்திரைன்னு அப்பா சொல்லுவாரு.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“அவரா?” மகள் சிரித்தாள். “அவர் கறி சாப்பிட்டதே இல்ல. பக்கத்துத் தட்டுல முட்டை இருந்தாக்கூட நகர்ந்து உட்காருவாரு. பெட்டிக்குள்ள எத்தனை டிகிரின்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வாரு. கோழி எப்படி இருக்குன்னா என்னைத்தான் கேட்பாரு.”

“நீங்க?”

“அப்பா இறக்கி வைக்கறதை நான் வெட்டறேன், ருசி பார்க்கறேன், நல்லா இருக்குன்னு சொல்றேன். நல்லாத்தானே இருக்கு?”

“ஒரு துண்டு கொடுங்க,” என்றாள் தூண்டில்.

வம்பு கையை நீட்டினான். துண்டு அவளுடைய கைக்குட்டைக்குப் போயிற்று.

*

முற்றத்தின் பின்கதவு ஒரு சந்தில் திறந்தது. சந்தின் நடுவில், போக்குவரத்தைப் பொருட்படுத்தாத ஒரு நாய் படுத்திருந்தது. தெருநாய்க்குரிய விலா எலும்புகள் எங்கேயோ புதைந்துபோயிருந்தன. அதன் முன்காலடியில் ஒரு பாதிக் கோழி அப்படியே கிடந்தது. பல் பட்ட அடையாளம்கூட இல்லை.

“தெருநாய்க்குச் சாப்பாட்டுல மிச்சம் வைக்கற வசதி எப்படி வந்தது?” என்றாள் தூண்டில். “வம்பு, அதை வாங்கிட்டு வா.”

“வாங்கறதா? மேடம், அது கடைக்காரர் இல்ல. பல் இருக்கு.”

“கேட்டுப் பாரு.”

வம்பு சட்டைப்பையிலிருந்து தன் பதினோரு மணிக்கான கிரீம் பிஸ்கட்டை, ஒரு நகையை அடகு வைப்பவனின் முகத்தோடு எடுத்தான். நாயிடம் குனிந்து, “ஐயா, பெரிய மனசு பண்ணணும்,” என்று தொடங்கினான். நாய் பிஸ்கட்டை முகர்ந்தது. கோழியைப் பார்த்தது. யோசிக்கவே இல்லை. பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு இரண்டடி தள்ளிப் படுத்துவிட்டது.

“இப்படி ஒரு வியாபாரத்தை நான் பார்த்ததே இல்ல,” என்றான் வம்பு. “கோழியைக் கொடுத்துட்டு பிஸ்கட் வாங்குது!”

தூண்டில் நாயின் கோழியைப் பிட்டாள். தோலுக்குக் கீழே வெள்ளை. அதற்கும் கீழே வெள்ளை. சிவப்பு ஓரமே இல்லை. முகர்ந்தாள். புகை, ஊருக்குப் போய்விட்ட உறவினரைப்போல, வந்து போன அடையாளம் மட்டும் வைத்திருந்தது. கடைத் துண்டை எடுத்து அதனருகே மதில்மேல் வைத்தாள்.

“ஒரே கடை. ரெண்டுக்கும் இன்னும் ஈரம் காயல, அதனால ஒரே காலை. ஏன் ரெண்டு மாதிரி இருக்கு?”

“இது வேக வெச்ச கோழி. அது புகை போட்ட கோழி.”

“இதுல எது சுவர்ல இருக்கற படத்துக்குச் சொந்தம்?”

“கடைத் துண்டு. அந்தச் சிவப்பு ஓரம்...” வம்பு நிறுத்தினான். “ஆனா அந்தப் படம் கேஸ் காலத்துது!”

“மூணு வாரத்துல இந்தக் கடையில எல்லாமே மாறிடுச்சு. மாறாம இருக்கறது ஒண்ணே ஒண்ணு. மாறாததை யாரும் கவனிக்க மாட்டாங்க.” அவள் ஷெட்டின் பக்கம் திரும்பினாள். கதவில் பூட்டு தொங்கியது. கூரையில் தகரக் குழாய் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதன் வாய் கறுத்திருந்தது. “புகைக்கடையில புகை வாசனை வந்தா யார் திரும்பிப் பார்ப்பாங்க?”

வம்புவின் கண்கள் விரிந்தன. “புரிஞ்சு போச்சு! மாமனார்தான் ஆளு. கேஸைத் திருடி, மாப்பிள்ளையோட பெட்டியைக் கெடுத்து, அவரை ஊரைவிட்டே துரத்தப் பார்க்கறாரு. கரண்ட்னாலே அவருக்கு ஆகாதே!”

“பாதி சரி,” என்றாள் தூண்டில். “எந்தப் பாதின்னு அவரே சொல்வாரு.”

*

ஷெட்டின் முன்னால் குடும்பம் கூடியது. மகள் கையில் கத்தியோடு வந்துவிட்டாள்; வைக்க மறந்திருந்தாள்.

“உங்க கட்டிலைப் பார்க்கலாமா, ஐயா?” என்றாள் தூண்டில்.

“தூங்கற இடத்துல பார்க்க என்ன இருக்கு?”

“தூங்கற கட்டிலுக்கு எதுக்குங்க புகைபோக்கி?”

மாமனார் வானத்தைப் பார்த்தார். அங்கிருந்து உதவி ஏதும் வரவில்லை.

“உங்க வலது கையில முடி கருகியிருக்கு,” என்று அவள் தொடர்ந்தாள். “அது தெர்மோஸ்டாட்டைத் திருப்பினா கருகாது. தீக்குச்சியைக் கிழிச்சு, குனிஞ்சு, பர்னருக்குள்ள கையை விட்டாத்தான் கருகும்.”

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கதவு, அவருடைய வாழ்நாளில் முதன்முறையாக, மெல்லத் திறந்தது.

கட்டில் இல்லை. சுவரோரம் ஓர் எஃகு பீரோ நின்றது. கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி அப்படியே இருந்தது. அடித்தட்டை அறுத்தெடுத்துவிட்டு, பழைய இரும்புக்குப் போட்டதாகச் சொல்லப்பட்ட பர்னரை அங்கே பொருத்தியிருந்தார்கள். துணி மாட்டும் கம்பியில், அன்றைய மத்தியானத்துக்காகப் பச்சைக் கோழிகள் வரிசையாகத் தொங்கின; மூலையில் புதுச் சிலிண்டர் ஒன்று தயாராக நின்றது.

“அப்பா!” என்று மகள் அலறினாள். “இது என் பீரோ! கல்யாணத்துக்கு நீங்க வாங்கிக் கொடுத்தது! பூட்டு ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னீங்களே!”

“பூட்டும் ரிப்பேர்தான்மா,” என்றார் மாமனார் பலவீனமாக.

மாப்பிள்ளை பீரோவின் கதவைத் தொட்டுப் பார்த்தார். “என் பெட்டியைத் தோற்கடிக்கவா மாமா இதெல்லாம்?”

“தோற்கடிக்க நினைக்கறவர் தன் கோழியை ஏன் உங்க பேர்ல விக்கணும்?” என்றாள் தூண்டில். “விடியற்காலையில உங்க பெட்டியைத் திறக்கறது இவரு. உங்க கோழியை இறக்கிச் சந்துல இருக்கற நாய்க்குப் போட்டுட்டு, முந்தின மத்தியானம் தான் போட்ட கோழியை முன்னாடி வைக்கறாரு. மூணு வாரமா ஊர் உங்களைப் பாராட்டுதே, அது இவரோட கோழிக்கு. உங்க கோழியைச் சாப்பிட்டது அந்த நாய் ஒண்ணுதான்.”

“அதுவும் மிச்சம் வைக்குது,” என்று வம்பு தகவல் சேர்த்தான்.

மாமனார் தரையைப் பார்த்தபடி பேசினார்.

“மெஷின் தோத்தா கடல் தாண்டிப் போயிடுவோம்னு நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு, மாப்பிள்ளை. முதல் நாள் உங்க கோழியை வெட்டிப் பார்த்தேன். வாய்ல வைக்க முடியல. இதை இவ வித்தா, ஒரே வாரத்துல மூட்டை கட்ட வேண்டியதுதான். அதான்... எஃகு பீரோ ஒண்ணு கையில இருந்துச்சு.”

“அப்ப தினமும் என்னைத் திட்டினீங்களே? ரேடியோவுல சோறு?”

“திட்டலைன்னா உங்களுக்குச் சந்தேகம் வந்துடுமே! திட்டறது சுலபம்னு நினைக்கறீங்களா? தினம் புதுசா ஒண்ணு யோசிக்கணும். கோழியைவிட அதுதான் கஷ்டம்.”

மகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கத்தியை மேலும் கீழும் ஆட்டினாள். வம்பு முன்னெச்சரிக்கையாக ஓரடி பின்வாங்கினான்.

மாப்பிள்ளை அந்தப் பீரோவின் கண்ணாடியில் தன் முகத்தைச் சிறிதுநேரம் பார்த்தார். திரும்பியபோது அவர் கேட்டது யாரும் எதிர்பாராத கேள்வி.

“என் கோழியில என்ன குறை, மாமா?”

“விடுங்க மாப்பிள்ளை...”

“சொல்லுங்க. எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னே சொன்னீங்க. நல்லா இருக்கறதை யாராவது ரிப்பேர் பண்ணுவாங்களா? குறை தெரிஞ்சிருந்தா மறுநாளே பெட்டியைப் பிரிச்சிருப்பேனே!”

மாமனார் நிமிர்ந்தார். “புகை ஏறல. மொத கொஞ்ச நேரம் நல்லா வருது. அப்புறம் சும்மா சூடுதான். பர்னர்னா சுடர் நிக்காம எரியும், சில்லும் நிக்காம கனியும்.”

“நிக்காம...” என்ற மாப்பிள்ளையின் கண்கள் பெட்டி இருந்த அறைக்குப் போய்விட்டன. “சூடு ஏறினதும் தெர்மோஸ்டாட் காயிலை அணைச்சிடுது. சில்லுத் தட்டு அதே காயில் மேலதான் இருக்கு. காயில் அணைஞ்சா சில்லும் அணையும்! திரையில டிகிரி சரியா இருக்கு, நான் அதையே பார்த்துக்கிட்டிருந்திருக்கேன். சில்லுக்குத் தனியா ஒரு சூடு வேணும், மாமா. தெர்மோஸ்டாட்டுக்குக் கட்டுப்படாம. இப்பவே ஒரு சின்ன ஹாட் பிளேட் கிடைச்சா...”

மூவரும் ஒரே நேரத்தில், திறந்திருந்த கதவுகள் வழியே தெரிந்த கல்லாவின் பக்கம் திரும்பினார்கள். அங்கே, டீ சுட வைக்கும் ஹாட் பிளேட்டின்மேல், வம்பு சற்றுமுன் வைத்த டம்ளரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

“அதுல என் டீ இருக்கு,” என்றான் அவன்.

“இருந்தது,” என்றாள் தூண்டில்.

“பெட்டியில கீழ இருக்கற ஓட்டைங்களையும் பாருங்க,” என்று மாப்பிள்ளை ஓடிக்கொண்டே சொன்னார். “சுடர் எரியக் காத்து வேணும்னு வெச்சது. காயிலுக்கு அவ்வளவு காத்து எதுக்கு? இருக்கற புகையும் அடிச்சுக்கிட்டுப் போகுது. ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை அடைச்சிடலாம்.”

“தகரம் என்கிட்ட இருக்கு!” என்று மாமனார் பின்னால் ஓடினார். பீரோவிலிருந்து அறுத்தெடுத்த அடித்தட்டு இவ்வாறு நல்ல வழிக்கு வந்தது.

சுவிட்சின்மேல் விரலை வைத்த மாப்பிள்ளை ஒருகணம் தயங்கித் தூண்டிலைப் பார்த்தார்.

“தாராளமா போடுங்க,” என்றாள் அவள். “கேஸ் எங்கயும் தேங்கல. பீரோவுல எரிஞ்சு, கோழியாகி, வித்தும் போயிடுச்சு.”

திரை ஒளிர்ந்தது. பீரோவிலிருந்த பச்சைக் கோழிகள் பெட்டிக்குக் குடிமாறின. சற்றைக்கெல்லாம் மேல்துவாரத்திலிருந்து நூலைப்போல நீலப்புகை கிளம்பி, நிற்காமல் எழுந்துகொண்டே இருந்தது. மாமனார் அதன்கீழ் நின்று, பேரக்குழந்தையின் உச்சியை முகர்பவரைப்போல மூச்சை இழுத்தார்.

“ஒரு விஷயம்,” என்றாள் தூண்டில். “சுடர் இல்லாததால இதுல சிவப்பு ஓரம் வராது. அந்த அம்மா இதுவரைக்கும் சாப்பிட்டதுல இருந்தது. வெட்டினதுமே தெரிஞ்சிடும்.”

மாமனாரின் முகம் விழுந்தது. “அதுதானே என் முத்திரை...”

“கேட்டா உண்மையைச் சொல்லிடுவேன், மாமா,” என்றார் மாப்பிள்ளை. “அதுக்கப்புறம் நடக்கறது நடக்கட்டும்.”

*

கொள்முதல் அம்மா வெயில் தாழ வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்ததற்குக் குடிக்கவில்லை. “பெட்டியைத் திறங்க,” என்றார்.

பொன்னிறத்துக்கும் செம்பு நிறத்துக்கும் இடைப்பட்ட கோழிகள் புகைக்குள்ளிருந்து வெளிவந்தன. அவர் தாமே ஒன்றைச் சுட்டிக்காட்ட, மகள் அதைப் பலகையில் வைத்து இரண்டாகப் பிளந்தாள். பலகை அதே சுருதியில் ஒலித்தது. இறைச்சி ஓரம்வரை வெண்மையாக இருந்தது.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீண்டும் பார்த்தார்.

“இது நீங்க வழக்கமா அனுப்பறது இல்லையே?”

மாமனார் வாயெடுத்தார். மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

“இல்லைங்க. இதுவரைக்கும் உங்களுக்கு வந்தது இந்தப் பெட்டியில போட்டதே இல்ல. மாமா தனியா கேஸ்ல போட்டது. எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும். இந்தப் பெட்டி ஒழுங்கா வேலை செய்யறது இன்னிக்குத்தான் முதல் தடவை. உங்களை ஏமாத்தணும்னு யாரும் நினைக்கல. இருந்தாலும் சொல்லணும் இல்லையா, சொல்லிட்டேன்.”

மகள் கத்தியைக் கீழே வைத்தாள். அன்று அவள் அதைக் கீழே வைத்தது அப்போதுதான்.

கொள்முதல் அம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு, அவசரமின்றி மென்றார். இன்னொன்றையும் எடுத்தார்.

“நான் ஒரே ஒரு குறை சொல்லணும்னு வந்தேன்,” என்றார். “உங்க கோழி ருசி எல்லாருக்கும் பிடிக்குது. ஆனா சாப்பிட உட்கார்றவங்க பாதிப் பேர் அந்தச் சிவப்பு ஓரத்தைப் பார்த்துட்டு, ‘வேகவே இல்ல’ன்னு தட்டைத் திருப்பி அனுப்பறாங்க. வெந்துதான் இருக்குன்னு ஒவ்வொரு மேஜையா போய் நான் எத்தனை பேருக்குச் சத்தியம் பண்றது? அதை எப்படியாவது போக்க முடியுமான்னு கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.” மூன்றாவது துண்டை எடுத்தார். “நான் கேட்கறதுக்கு முன்னாடியே போக்கிட்டீங்க. எப்படிப் பண்ணீங்க?”

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் சுவரிலிருந்த படத்தை, அதில் கோப்பையைப்போல ஏந்தப்பட்டிருந்த அந்தச் சிவப்பு ஓரத்தை, ஒருமுறை பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கினார்.

“அதெல்லாம் மாப்பிள்ளையைக் கேளுங்கம்மா. நான் மத்தியானம் தூங்கற ஆளு.”

ஆர்டரை உறுதிசெய்துவிட்டு அந்த அம்மா போனதும், மகள் யாரும் கேட்காமலே ஒரு தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு வந்து கல்லாவிலேயே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே மாமனாரிடம் நெருங்கினார்.

“நாளையிலேருந்து காலையில பெட்டியைத் திறந்ததும் ஒரு கோழியை வெட்டிப் பாருங்க, மாமா. குறை இருந்தா திட்டுங்க. மனசாரத் திட்டுங்க. எனக்குச் சாப்பிட்டுப் பார்க்கத் தெரியாது. காதால கேட்டாத்தான் உண்டு.”

“நிஜமாவா?” மாமனாரின் முகத்தில் பழைய ஒளி வந்தது. “நாளைக்கு எதுக்கு? அந்த ஹாட் பிளேட் வயரைப் பாருங்க, வாழைத்தண்டு நார் மாதிரி தொங்குது. இதெல்லாம் ஒரு எலெக்ட்ரீஷியன் பண்ற வேலையா?”

“மாட்டிடறேன், மாமா,” என்றார் மாப்பிள்ளை, அந்த நாளில் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தபடி.

தூண்டிலும் வம்புவும் பின்கதவு வழியாகச் சந்தில் இறங்கினார்கள். நாய் எழுந்து உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. கதவு திறந்தும் கோழி வரவில்லை. அது வம்புவை நிமிர்ந்து பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு இருந்தது.

“என்னை ஏன்டா பார்க்கறே?” என்றான் வம்பு. “கண்டுபிடிச்சது மேடம்.” இரண்டடி நடந்தவன் நின்று, பையைத் துழாவி, மீதமிருந்த ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன் முன்னால் வைத்தான். “இன்னிக்கு டீயும் போச்சு, பிஸ்கட்டும் போச்சு. நாங்க ரெண்டு பேரும்தான், மேடம், இந்தக் குடும்பம் ஒண்ணு சேர்ந்ததுல நஷ்டப்பட்டவங்க.”

நாய் பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு அவன் பின்னாலேயே வரத் தொடங்கியது.